எடை மேடைக்குப் போன படகு

எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று எனக்குப் போன் செய்து கேட்கும் எடிட்டர் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய முதல் கம்ப்யூட்டர் கடைசியில் திருவொற்றியூரில் லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவனிடம் யோசனை கேட்கிறீர்களே, உங்கள் தைரியத்தை மெச்சுகிறேன்.

நீங்கள் கேட்பதெல்லாம் புதுசைப் பற்றித்தான். ராம் எவ்வளவு, கிராஃபிக்ஸ் கார்டு எது, ஃபேன் சத்தம் போடுமா. பழசைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. உங்கள் வயதில் நானும் கேட்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். தொழில்நுட்பம் வேண்டுபவர்கள் கையேட்டைப் புரட்டிக்கொள்ளுங்கள். எனக்கு அதெல்லாம் மறந்துவிட்டது, ஓய்வு பெற்றதன் ஒரே லாபம் அது.

ராயபுரத்தில் ஒரு வலைக்கடையின் மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ. எங்கள் என்றால் நானும் வேலுவும். கல்யாணம், ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு, வட்டச் செயலாளர் பிறந்தநாள், எதுவானாலும் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, கேசட்டாக்கிக் கொடுப்போம். படம் பிடிப்பது வேலு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகத்தை அறிவாளி மாதிரி வைத்துக்கொள்வது நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கிய அந்த முதல் மெஷினுக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தோம். காலையில் எழுப்பினால் முனகும், இருமும், மறுபடி தூங்கப் பார்க்கும். பக்கத்துத் தகட்டில் ரெண்டு தட்டு தட்டினால்தான் கண் திறக்கும். அதைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு பக்கம் கடலின் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் எண்ணூர் அனல் மின்நிலையச் சாம்பல். ஸ்குரூ எல்லாம் துருப்பிடித்து, உள்ளே சாம்பல் அரிசி மாவு போலப் படிந்திருக்கும். ஒருமுறை மூடியைக் கழற்றி வாயால் ஊதிவிட்டு, அதே முகத்தோடு வாடிக்கையாளரை வரவேற்கப் போனேன். "இன்னா நைனா, பழனிக்குப் போய்ட்டு வந்தியா, மூஞ்சி பூரா துண்ணூறு" என்றார் அவர். ஆமாம் என்று சொல்லிப் பிரசாதம் தரமுடியாமல் முழித்தேன்.

ஆனால் பெரியப்பாவிடம் ஒரு கார்டு இருந்தது. படத்தின் மேல் படம் ஓடுகிற வித்தையை, மற்ற மெஷின்கள் போல மணிக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டிக் காட்டும். ஓட்டுவதை அப்படியே டேப்புக்கும் அனுப்பும். அதற்குத் தெரிந்தது அந்த ரெண்டு வேலைதான். அந்தக் கார்டுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அதைவைத்து நாங்கள் செய்த பெரிய சாதனை, படகு.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்தவர் சேவியர். அவருடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். அந்தக் காலத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பனிமலைக்கு நடுவே இதயத்துக்குள் சிரிக்காவிட்டால் அது வீடியோவே இல்லை. நானும் மலையைக் காட்டினேன். சேவியர் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னாபா இது, குளுருல நடுங்கிக்கினு நிக்குது ரெண்டும். மலை எனக்கு எதுக்கு? என் போட்டு வரணும்."

"போட்டு எப்படிண்ணே வரும்?"

"எப்டி வரும்? மெதக்கும். வரும்."

வேலு கேமராவைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். நீலப் படகு, விளிம்பில் மஞ்சள் கோடு. முன்முனையில் சேவியர் நிற்கிறார். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் கசங்கல். நல்ல சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு, "கடல் இன்னா என்னைப் பொண்ணு பாக்கவா வருது?" என்று கேட்டுவிட்டாராம். ஒவ்வொரு ஃப்ரேமாகப் படகையும் ஆளையும் வெட்டி எடுத்தேன். திரையின் இடது ஓரத்திலிருந்து படகு கிளம்பி வலது ஓரத்துக்குப் போகும். அது கடந்துபோன இடத்திலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிப்படுவார்கள். நடுத்திரைக்கு வரும்போது சேவியர் நம்மைப் பார்த்துக் கையைத் தூக்குவார்.

கேசட் வெளியே போனதும் பேட்டையே எங்கள் மாடிப்படியில் ஏறியது. எல்லோருக்கும் படகு வேண்டும். சொந்தப் படகு இல்லாதவர்களுக்கு நான் என்ன செய்வேன்? சேவியரின் படகையே ஓட்டினேன். புளியந்தோப்புக் கல்யாணத்தில் சேவியர் வந்தார். எண்ணூர் மஞ்சள் நீராட்டில் சேவியர் வந்தார். "எங்க வூட்டு விசேசத்துல இவரு ஏன்பா கை காட்டுறாரு?" என்று யாராவது கேட்டால், "அவர் வராத விசேஷம் ஏதுங்க" என்று சமாளிப்பேன். சேவியருக்கு இதில் பெருமை தாங்கவில்லை. கூப்பிடாத கல்யாணத்துக்கெல்லாம் போய் முதல் பந்தியில் உட்கார்ந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

இப்போது என் காதல் கதைக்கு வருகிறேன்.

சில வருஷம் கழித்து ரிச்சி தெருவில் ஒரு மெஷினைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் சாதாரணப் பார்வை இல்லை. நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பெரியப்பா முடிக்காத வேலையை அது நான் கண்ணைத் தேய்ப்பதற்குள் முடித்தது. கடைக்காரர் இன்னொரு முறை காட்டட்டுமா என்று கேட்டார். நான் மூன்று முறை பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்ததால், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

புதுசு வந்தது. பூசணிக்காய் உடைத்தோம். வேலு மட்டும் ஒரு ஓரமாக நின்று பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமு, அதுல கீறதெல்லாம் எடுத்துட்டியா?"

"எல்லாம் காப்பி பண்ணியாச்சு."

"ஓடுதா?"

"காப்பி ஆச்சுன்னா ஓடும்டா."

இந்த வாக்கியத்தை உங்களில் எத்தனை பேர் போன வாரம் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். கை தூக்க வேண்டாம்.

திருவொற்றியூரில் ஒரு எடை மேடைக்காரர் பழைய மெஷினாகத் தேடிக்கொண்டிருந்தார். லாரிகளை எடை போட்டுச் சீட்டு அச்சடிக்கும் அவருடைய புரோகிராம் புது மெஷின் எதிலும் ஏறவில்லையாம். பெரியப்பாவை அப்படியே, கார்டோடு, கொடுத்துவிட்டேன். கார்டைச் செருக புது மெஷினில் இடமே கிடையாது. பிறகு அது எனக்கு எதற்கு? டெம்போவில் ஏற்றும்போது பெரியப்பா ஒருமுறை இருமியது போல இருந்தது. மின்சாரம் இல்லாமலேயே. நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த மழைக்காலத்தில் சேவியர் நெஞ்சுவலியில் போய்விட்டார். ஊரே கூடியது. நானும் வேலுவும் அன்று கேமரா இல்லாமல் போனோம்.

அடுத்த வருஷம் அவருடைய இளைய பெண் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். அக்கா கல்யாணத்தில் பாவாடை சட்டையில் கேமராவுக்குக் குறுக்கே ஓடி வேலுவிடம் திட்டு வாங்கியவள். கல்யாணம் முடிந்த மறுநாள் மாடிப்படி ஏறி வந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வாரக் கடைசியில் கிளம்புகிறான், வர நாளாகும். அதற்குள் கேசட் வேண்டும்.

"அண்ணே, அக்கா கேசட்ல அப்பா போட்ல வருவாரே."

"ஆமாம்மா."

"எனக்கும் அதே மாரி வரணும். மத்தத நீ இன்னா வேணா பண்ணிக்கோ. பாட்டு கூட உன் இஷ்டம். அவரு வந்தாப் போதும்."

"கட்டாயம் வருவார். புது மெஷின்மா. முன்னைவிடப் பளிச்சுன்னு வருவார்."

அவள் போகாமல் நின்றாள்.

"இன்னாம்மா?"

"நீ ரொம்ப ஜல்தியா சரின்னு சொல்ற. அதான் பயமா கீது."

அவள் படியிறங்கியதும் படகுக் கோப்பைத் தட்டினேன். இந்தக் கோப்பை எதால் திறப்பது என்று புது மெஷின் என்னையே கேட்டது. வேறு மென்பொருளில் தட்டினேன். திரை கறுப்பு. இன்னொன்றில் தட்டினேன். கோடு கோடாக ஏதோ ஓடியது. அதில் படகும் இல்லை, கடலும் இல்லை, சேவியரும் இல்லை. கோப்பு பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் கார்டுதான் திருவொற்றியூரில் லாரிகளோடு இருந்தது. எனக்கு வியர்த்த வியர்வையில் விசைப்பலகை நனைந்தது.

துறைமுகத்தில் எடுத்த மூல டேப்பைத் தேடினோம். அந்தக் காலத்தில் டேப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம். சேவியர் நின்ற டேப்பில் இப்போது ஒரு காதுகுத்துக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அக்காவின் கேசட்டை வாங்கிவந்து அதிலிருந்து வெட்டிப் பார்த்தேன். படகு அக்காவின் முகத்துக்கு மேலே ஓடுகிறது. எப்படி வெட்டினாலும் சேவியரின் முதுகோடு அக்காவின் ஒட்டியாணம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இப்ப இன்னா பண்ணலாம்?" என்றேன்.

"சொல்லிடலாம். முடியாதுன்னு" என்றான் வேலு.

"யார்கிட்ட?"

"நீதான் சரின்னு சொன்ன. நீயே போய்ச் சொல்லு. நான் படிக்கட்டுல நிக்கிறேன்."

அந்த வீட்டுக்குப் போய் உன் அப்பா வரமாட்டார் என்று சொல்வதா? ஒருமுறை அவர் போனதே அந்தப் பெண்ணுக்குப் போதாதா? திருவொற்றியூருக்குப் போக ஸ்கூட்டரை எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, டேப்பில் பதியும் ரெக்கார்டர் டெக்கை வேலு குழந்தை மாதிரி மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தான். என் சட்டைப்பையில் ஒரு திருப்புளி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, புழுதியிலும் புகையிலும், போர்க்களத்துக்குப் போகிறவன் மாதிரி போனேன். வேலு வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டான். எடை மேடைக்காரர்கள் டிஸ்க்கைத் துடைத்திருந்தால்? நான் ஹாரன் அடித்து அதை மறைத்துக்கொண்டே போனேன்.

எடை மேடையில் சீட்டுப் போடுபவர் கோமளா அக்கா. கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு மேசை, மேசைமேல் பெரியப்பா. நாங்கள் எட்டிப் பார்த்தபோது மேடையில் லாரி இல்லை. திரையில், இடது ஓரத்திலிருந்து, நீலப் படகு கிளம்பியது.

என் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நடுத்திரையில் சேவியர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வேலு பதிலுக்குக் கையைத் தூக்கினான். மெய்யாலும் தூக்கினான்.

"இன்னா வேணும்?" என்றார் கோமளா அக்கா.

"அக்கா, இது... இதை யார் ஓட்டினது?"

"நான்தான். உள்ள என்னென்னமோ கீது. தொட பயம். இது ஒண்ண தொட்டேன், போட்டு வந்துச்சு. லாரி இல்லாதப்ப ஓட விட்டுப்பேன். டிரைவருங்களுக்கு இத்தப் பாத்தாத்தான் பொழுது போவுது. ஆமா, யார் இவரு? தெனம் கை காட்டுறாரு, பேர் கூடத் தெரியல."

ஒரே மூச்சில் சொன்னேன். பேர் சேவியர், காசிமேடு, செத்துப்போய்விட்டார், பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை கப்பல், நான் முட்டாள். கடைசி விவரத்தை அக்கா ஏற்கெனவே ஊகித்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

திருப்புளியை எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் மூடியைக் கழற்றினேன். கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் போதும், பிறகு எதையாவது செய்துகொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். வேலு என் கையைப் பிடித்தான்.

"மாமு, அதப் பாரு."

கார்டு செருகியிருந்த இடம் முழுக்கப் பச்சைப் பாசி போல உப்புத் துரு. பிடுங்கினால் திரும்ப நுழையுமா, நுழைந்தால் ஓடுமா, எந்தச் சாமிக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருப்பதே அதிசயம். மெஷினையே தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசை கட்டிவிட்டன.

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் கை திருப்புளியோடு பரபரக்கும் நேரம் ஒன்று வரும். அப்போது கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடுகிற இடத்திலேயே ஓடவிட்டு, வேண்டியதை அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள். என் தொழிலில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அது. அதுவும் வேலு கையைப் பிடித்ததால் எடுத்தது.

படகு நீலம், கோடு மஞ்சள், சட்டை சிவப்பு கறுப்பு. பச்சை மட்டும் எங்கும் இல்லை. ஆகவே பின்னணியை முழுப் பச்சையாக வைத்துப் படகை ஓட்டி, டேப்பில் பதிந்துகொண்டு போனால், புது மெஷினில் பச்சையை மட்டும் நீக்கிவிடலாம். டெக்கை இணைத்தோம். ஆனால் அது ஓடும் நேரத்தில் எடை போடும் புரோகிராம் ஓடக்கூடாது.

"லாரிய நிறுத்தணுமா?" என்றார் கோமளா அக்கா. "ஹாரன் அடிச்சே என் காதக் கிழிப்பானுங்க."

"கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லிடலாம்கா."

"ரிப்பேர்னா இன்னும் கிழிப்பானுங்க." ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். "ஏய், நம்ம போட்டுக்காரர் கீறாருல்ல, அவரு பொண்ணுக்குக் கல்யாணமாம். அப்பன் செத்துட்டாராம். கல்யாணக் கேசட்டுக்கு இங்கேர்ந்துதான் போவணுமாம். கொஞ்சம் சும்மா இருங்க."

முதல் லாரியின் டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வந்தார். "செத்துட்டாரா? தெனம் கை காட்டிக்கினு இருந்தாரே" என்றார். நேற்றுவரை கூட இருந்தவரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

டெக்கின் பொத்தானை அழுத்தினேன். படகு கிளம்பியது. பாதித் திரைக்கு வரும்போது வரிசையில் இருந்த ஒரு டிரெய்லர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. தரை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது, திரை பட்டென்று கறுப்பாயிற்று.

நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, கோமளா அக்கா சாவதானமாகக் கையை நீட்டிப் பெரியப்பாவின் பக்கத்துத் தகட்டில் ரெண்டு தட்டு தட்டினார். படம் வந்தது.

"ரெண்டு தட்டு தட்டணும். உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும்கா."

"பின்ன இன்னாத்துக்கு சிலை மாரி நிக்கிற?"

விஷயம் புரிந்த டிரைவர் வெளியே ஓடினார். "இஞ்சின ஆஃப் பண்ணு. போட்டு போவுது. பின்னாடி சொல்லு, ஆஃப் பண்ணச் சொல்லு." சொல் ஒரு லாரியிலிருந்து அடுத்த லாரிக்குப் போனது. ஒவ்வொரு இஞ்சினாக அடங்கியது. அந்தச் சாலையில் நான் கேட்டறியாத ஒரு சத்தம் அப்போது கேட்டது. கடல். அது அவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுபடி அழுத்தினேன். ஜன்னல் முழுக்க டிரைவர்கள் முகம். நான் டெக்கைப் பார்க்கிறேன், வேலு திரையைப் பார்க்கிறான், கோமளா அக்காவின் கை தட்டுவதற்குத் தயாராகத் தகட்டின் அருகில் நிற்கிறது. பச்சைக் கடலில் நீலப் படகு வந்தது, சேவியர் கையைத் தூக்கினார், வலது ஓரம் போய்ச் சேர்ந்தார். டேப்பை நிறுத்தினேன். ஓட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடக் கெடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே விசில் பறந்தது. வேலு என்னைக் கட்டிப்பிடித்தான். அதுவரை கேமராவைத்தவிர வேறெதையும் அவன் அப்படிப் பிடித்துப் பார்த்ததில்லை. பிறகு எல்லா இஞ்சினும் ஒரே நேரத்தில் உறுமின, ஹாரன்களும் சேர்ந்துகொண்டன. கோமளா அக்கா, "ஓடிப் போய்டுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லி எடை போட உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டில் கேசட்டைப் போட்டோம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. முன்னால் ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும். படகு வரப்போவதை அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தேவாலயத்து மணி, மாலை, மோதிரம் எல்லாம் முடிந்தது. படகு வந்தது. கூடம் கப்பென்று அடங்கியது. சேவியர் நடுத்திரைக்கு வந்து கையைத் தூக்கினார். அவர் போன இடத்திலிருந்து ஸ்டெல்லாவும் அவள் புருஷனும் வெளிப்பட்டார்கள்.

நான் கதவோரம் ஓடுவதற்கு வசதியாக நின்றுகொண்டிருந்தேன். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாத்தியா இந்த மன்சன. ரெண்டாவது பொண்ணு கல்யாணத்துக்கும் அதே கசங்கல் சட்டையில வந்துகீறாரு."

ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார், எடுக்க நேரமாயிற்று. ஸ்டெல்லா திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணே, இன்னொரு தபா போடு."

எத்தனை தபா போட்டேன் என்று நான் எண்ணவில்லை. ரிமோட் என் கையிலிருந்து அம்மா கைக்குப் போய்விட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் கூத்து நடந்து சில வருஷம் கழித்து எடை மேடையிலிருந்து ஒரு போன் வந்தது. கோமளா அக்கா.

"தம்பி, இங்க புதுசு வந்து எறங்கிகீது. பழச எடுத்துக்கினு போறேன்னு ஒருத்தன் வண்டியோட வாசல்ல நிக்கிறான். நான் உடல. நீ அந்த டேப்ப எடுத்துக்கினு வா. போட்டுக்காரர் மொதல்ல புதுசுல ஓடட்டும், என் கண்ணால பாக்கறேன். அப்பால அவன் எத்த வேணா தூக்கிக்கினு போவட்டும்."

வேலு ஸ்கூட்டரை ஏற்கெனவே கிளப்பிவிட்டான்.